கல்மேட்டில் உள்ளான்

சாட்சி தூங்கிக்கொண்டிருந்தார்.

சும்மா கண்ணயர்ந்தது இல்லை. காரின் முன்சீட்டைப் பின்னால் சாய்த்து, தொப்பியை முகத்தில் கவிழ்த்து, வாயைப் பிளந்துகொண்டு, குறட்டையோடு கூடிய முழுநேரத் தூக்கம். வெளியே மணி ஆறேகால். மலைமேல் அணையில் பனி அப்போதுதான் தண்ணீரை விட்டு எழும்பிக்கொண்டிருந்தது. இளவேனில் வெயில் எதிர்க்கரையைத் தொட்டிருந்தது. உலகத்தில் உள்ள நல்ல பறவைகளெல்லாம் எழுந்து, குளித்து, சாப்பிடவும் போய்விட்டன. இந்த மனுஷர் மட்டும் தூங்குகிறார்.

ஒற்றக்கா கார்க் கண்ணாடியை இரண்டு கையாலும் தட்டினார்.

"ஏங்க! எழுந்திருங்க! வந்திருச்சு!"

"யாரு?"

"யாரா? மூணு வருஷமா நான் யாருக்காக அழுதுட்டு இருக்கேன்?"

சாட்சி தொப்பிக்கு அடியில் கொஞ்சம் யோசித்தார். "உங்க அண்ணனா?"

அண்ணன் இல்லை. உள்ளான். அதிலும் வளைமூக்கு உள்ளான். தண்ணீர் ஓரத்துச் சேற்றில் குடுகுடுவென்று ஓடிப் பூச்சி பொறுக்கும் சின்னப் பறவை. கடற்கரையில் கூட்டம் கூட்டமாகத் திரியும், மலையேறாது என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. ஆனால் இந்த ஒன்று மலையேறியது. இடது கால் சற்று நொண்டி. மூன்று வருஷமாக, இளவேனிலில் ஒரே ஒரு வாரம், இந்த அணையின் வடகோடிக் கல்மேட்டில் வந்து இறங்குகிறது. மூன்று வருஷமும் ஒற்றக்கா பார்த்தார், எழுதிக் கொடுத்தார். மூன்று வருஷமும் பறவைக் கழகத்தின் தலைவரான பல் டாக்டர் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, பக்கத்தில் 'சாட்சி இல்லை' என்று எழுதினார்.

ஒற்றக்காவுக்குத் தொழிலே பிழை திருத்துவது. அச்சகத்தின் மாடியறையில், ஜன்னலோர மேஜையில், இருபத்திரண்டு வருஷமாக மற்றவர்கள் விட்ட க், ச், த், ப் எல்லாவற்றையும் தேடிப் பிடித்துப் போடுகிறவர். அதனால்தான் அந்தப் பெயர். 'ஒற்று அக்கா' என்று பிரித்துச் சொன்னால் அதற்கும் திருத்தம் வரும்; விதிப்படி சேர்த்து 'ஒற்றக்கா' என்றுதான் கூப்பிட வேண்டும். கழகத்தில் சேர வந்த அன்றைக்கு, வாசல் பலகையில் 'பறவை கழகம்' என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, நாற்காலி போட்டு ஏறி, சாக்பீஸால் நடுவில் ஒரு 'க்' போட்டு இறங்கிய பிறகுதான் உறுப்பினர் படிவத்தில் கையெழுத்திட்டார். அப்பேர்ப்பட்டவர் எழுதியதை ஒரு பல் பிடுங்குகிறவர் அடிப்பதா? அடித்தது போதாதென்று, அந்த ஆண்டறிக்கை அச்சுக்கு வரும்போது அதற்குப் பிழை திருத்துவது யார்? இவரேதான். தன் பறவை இல்லாத பக்கத்தில், ஊரார் பார்த்த வாத்துகளுக்கெல்லாம் ஒற்றுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

இந்த வருஷம் விட்டால் போச்சு. கழகத்தின் இருபதாண்டுத் தொகுப்பு, கெட்டி அட்டை போட்டு, திங்கட்கிழமை அச்சேறுகிறது. ஒவ்வொரு பறவைக்கும் நேரே, அதை இந்த அணையில் முதன்முதலில் பார்த்தவர் பெயர் வரும். அதில் ஏறாத பறவை ஏறாததுதான். அடுத்த தொகுப்பு வருவதற்கு இன்னும் இருபது வருஷம். அதற்குள் உள்ளான் இருக்காது, ஒற்றக்கா இருப்பாரா என்பதும் நிச்சயமில்லை. அதனால்தான் கழகத்தார் கணக்கெடுப்புக்காக எட்டு மணிக்கு வேனில் வருவதற்கு முன்பே, புருஷனைச் சாட்சியாகக் கூட்டிக்கொண்டு விடியற்காலையில் மலையேறி வந்துவிட்டார்.

புருஷனுக்குத் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்யும் வேலை. ஓடுகிற சத்தத்தைக் கேட்டே எந்த நட்டு தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் பறவை என்று வந்துவிட்டால் கறுப்பாக இருந்தால் காக்கா, வெள்ளையாக இருந்தால் கொக்கு, மற்றதெல்லாம் குருவி. அவ்வளவுதான் அவருடைய கல்வி.

கையைப் பிடித்து இழுத்து வந்து, முக்காலியில் நிறுத்தியிருந்த தொலைநோக்கியின் முன்னால் அவரைக் குனிய வைத்தார் ஒற்றக்கா.

"என்ன தெரியுது?"

"கறுப்பா, முள்ளு முள்ளா ஏதோ ஆடுது."

"அது உங்க கண் இமை! கண்ணைத் திறந்து பாருங்க!"

கண்ணைத் திறந்தார். அதற்குள் உள்ளான் கல்லுக்குப் பின்னால் போய்விட்டது. ஐந்து நிமிஷம் காத்திருந்தார்கள். வரவில்லை.

"சரி விடும்மா. பாத்தேன்னு சொல்லிடறேன்."

"பாக்காமயா?"

"நீ பாத்தேல்ல? நீ பாத்தா நான் பாத்த மாதிரிதான். கல்யாணமான நாள்லேர்ந்து நீ சொன்ன எதை நான் இல்லேன்னு சொல்லியிருக்கேன்?"

"பொய்ச்சாட்சியெல்லாம் எனக்கு வேண்டாம். அந்த டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி ரெண்டு கேள்வி கேட்டா, நீங்க கொக்குன்னு சொல்லிடுவீங்க."

அதில் உண்மை இருந்தது. சாட்சி கொட்டாவி விட்டார்.

அப்போதுதான் ஒற்றக்காவுக்கு டாக்டர் போன வருஷம் அனுப்பிய கடிதம் நினைவுக்கு வந்தது. 'இரண்டாம் சாட்சி இல்லாதவிடத்து, பார்த்த நேரத்திலேயே எழுதப்பட்டு, பொறுப்பில் உள்ள அலுவலர் ஒருவர் கையொப்பமிட்ட குறிப்பு ஏற்கப்படலாம்.' அலுவலருக்கு எங்கே போவது? எங்கேயும் போக வேண்டாம். இதோ, அணை வாசலில் வாட்ச்மேன் அறை. அரசாங்க அறை, அரசாங்கப் பதிவேடு. வாட்ச்மேன் அதில் தினமும் கையெழுத்துப் போடுகிறவர்.

"கல்லையே பாத்துட்டு இருங்க. கண்ணை மூடாதீங்க. இதோ வந்துடறேன்" என்று ஓடினார்.

வாட்ச்மேன் அறையில் இல்லை. காலையில் நடக்க வருகிறவர்களுக்காகக் கேட்டைத் திறந்துவிட்டு, நீர்மட்டம் பார்க்கப் படியிறங்கிப் போயிருந்தார். தகர மேஜைமேல் பதிவேடு விரித்தபடி கிடந்தது. தேதி, நேரம், நீர்மட்டம், விசேஷத் தகவல் என்று நான்கு கட்டங்கள். விசேஷத் தகவல் கட்டத்தில் பக்கம் பக்கமாக, வருஷக்கணக்காக, 'ஒன்றுமிள்ளை' என்று ஒரே பதில். ஒற்றக்காவுக்குக் கை பரபரத்தது. நேரமில்லாததால் இரண்டு 'ள்'ளை மட்டும் 'ல்' ஆக்கிவிட்டு, இன்றைய கட்டத்தில், நூலில் கட்டித் தொங்கிய பேனாவால், முத்து முத்தாக எழுதினார்:

'காலை 6.20. வடகோடிக் கல்மேட்டில் தனியே உள்ளான். மூக்கு வளைந்து, மார்பு முழுதும் சிவப்பு. இடக்கால் ஊனம். தண்ணீரை ஒட்டி. அசைவில்லை.'

கடைசியில் 'வளைமூக்கு உள்ளான்' என்று முழுப்பெயரும் எழுதத்தான் நினைத்தார். கட்டம் முடிந்துவிட்டது. அடுத்த கட்டம் நாளைய தேதிக்கு உரியது. ஒருவர் கட்டத்தில் இன்னொருவர் எழுதுவது அவருக்குப் பிடிக்காது. வாட்ச்மேனிடம் பிறகு கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டார்.

ஏழு மணிக்குச் சற்று முன்னால் உள்ளான் கல்லுக்கு இந்தப் பக்கம் வந்தது. வெயில் நேராக அதன் மேல் விழுந்தது. செங்கல் நிற மார்பு, கீழ்நோக்கி வளைந்த மூக்கு, நொண்டுகிற கால், எல்லாம் பளிச்சென்று தெரிந்தன.

"இப்போ! இப்போ பாருங்க! குனிங்க!"

சாட்சி குனிந்தார். கண் குழாய்க்கு அருகே போனது.

அந்த நிமிஷத்தில் அணையின் சைரன் அலறியது.

அது மதகு திறக்கும்போது ஊரையே எச்சரிக்கிற சைரன். நாமக்கோழிகள் ஒட்டுமொத்தமாகக் கிளம்பின. வாத்துகள் கிளம்பின. முக்குளிப்பான்கள் தண்ணீருக்குள் போனவை போனவைதான். மனுஷனைக் கண்டாலே கத்திக் காட்டிக் கொடுக்கிற ஆள்காட்டிகள், இத்தனை நாள் கத்தியது பத்தாதென்று தலைக்குமேல் வட்டமடித்து ஓலமிட்டன. சாட்சி திடுக்கிட்டு நிமிர்ந்ததில் முக்காலி சரிந்து, தொலைநோக்கி வானத்தைப் பார்த்தது. கல்மேடு காலியாகிவிட்டது.

ஒற்றக்காவுக்குத் தலைக்கு ஏறியது கோபம். வாட்ச்மேன் அறைக்கு எப்படிப் போனார் என்று அவருக்கே தெரியாது.

"ஏங்க, அறிவிருக்கா உங்களுக்கு? காலங்காத்தால யாரைக் கேட்டு இதை ஊதுனீங்க? வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள் நிம்மதியாப் பறவை பாக்க விடமாட்டீங்களா?"

வாட்ச்மேனுக்கு முகம் வெளுத்திருந்தது. "பறவையாம்மா முக்கியம்? உசிரு போற விஷயம்மா! ஒரு ஆளு அடிபட்டுக் கெடக்கான்!"

ஒற்றக்கா கோபத்தை அப்படியே விட்டுவிட்டார்.

"எங்கே?"

"அணைக்குள்ளதான். மூக்கு உடைஞ்சு, நெஞ்செல்லாம் ரத்தம். ஒரு கால் போச்சு. தண்ணி ஓரமாப் பேச்சு மூச்சில்லாமக் கெடக்கானாம். தகவல் வந்திருக்கு."

"ஐயையோ! யார் சொன்னது?"

"யாரோ நடக்க வந்தவங்க. படிச்சவங்க போலிருக்கு, எழுத்து மூலமாவே சொல்லிட்டாங்க. நான் கையெழுத்தும் போட்டுட்டேன். போன மாசம் படகுக் கயிறு அறுந்ததை மூணு நாள் கழிச்சுச் சொன்னதுக்கே மெமோ குடுத்தாங்கம்மா. இதை மட்டும் லேட்டாச் சொன்னா வேலை போயிடும்."

ஒற்றக்காவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அங்கே ஒரு உயிர் ஊசலாடுகிறது, இங்கே தான் ஒரு பறவைக்காக மல்லுக்கு நிற்பதா? பறவை நாளைக்கும் வரும். வராமலும் போகலாம். ஆனாலும் மனுஷ உயிர் இல்லையா? "என்கிட்ட தொலைநோக்கி இருக்கு. நான் தேடித் தரேன்" என்றார். அந்த நல்ல எண்ணம்தான் விஷயத்தை இன்னும் கெடுத்தது.

பதினைந்து நிமிஷத்தில் பொறியாளர் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். பாதி சவரம் செய்த முகம். ஒரு கன்னத்தில் சோப்பு காய்ந்திருந்தது. அவருக்குப் பின்னால் ஆம்புலன்ஸ். படகுக்காரர் படகை அவிழ்த்துக்கொண்டு கல்மேட்டுக்குப் போனார். வாட்ச்மேன் ஒலிபெருக்கியை எடுத்து அணைமேல் நின்றுகொண்டார்.

"கல்மேட்டில் இருப்பவர் கையைத் தூக்கவும்! கையைத் தூக்க முடியாவிட்டால் குரல் கொடுக்கவும்! குரல் கொடுக்க முடியாவிட்டால் பயப்பட வேண்டாம்!"

படகுக்காரர் கல்மேட்டைச் சுற்றி வந்து, இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். ஆள் இல்லை.

"தண்ணிக்குள்ள போயிட்டானா?" என்றார் பொறியாளர். வாட்ச்மேன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இருங்க, இருங்க, பதறாதீங்க. நான் கரை முழுக்கப் பாக்கறேன்" என்று ஒற்றக்கா தொலைநோக்கியை மெதுவாக நகர்த்தினார். வடகரை. மேற்குக்கரை. கரையோர மரங்கள். பிறகு தென்கரைச் சேறு.

தொலைநோக்கி அங்கேயே நின்றது.

"தெரியுது!" என்று கத்தினார்.

"எங்கே? எங்கே?"

"தென்கரை! சேத்துல! அதேதான்! மார்பு சிவப்பா இருக்கு! நொண்டுது பாருங்க, நொண்டிக்கிட்டே போகுது!"

"உசிரோட இருக்கா?" என்றார் வாட்ச்மேன்.

"உயிருக்கென்ன, நல்லாத் தின்னுது!"

"திங்குதா? அங்க என்னம்மா இருக்கு திங்க?"

"சேத்துலதான்! மூக்கை உள்ள விட்டு விட்டுத் தின்னுது!"

"ஐயோ பாவமே, எத்தனை நாள் பட்டினியோ!" வாட்ச்மேன் ஒலிபெருக்கியைத் தென்கரைக்குத் திருப்பினார். "சேற்றைத் தின்ன வேண்டாம்! சாப்பாடு வருகிறது! சேற்றைத் தின்ன வேண்டாம்!"

படகு தென்கரைக்குத் திரும்பியது. ஆம்புலன்ஸ் கரையைச் சுற்றிக்கொண்டு ஓடியது. பொறியாளர் ஒற்றக்காவை நகர்த்திவிட்டுத் தானே குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"ஆளைக் காணோமேம்மா. ஒரு குருவிதான் நிக்குது."

"குருவியா?" ஒற்றக்கா அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். அரசாங்கப் பொறியாளர் என்பதெல்லாம் மறந்துபோனது. "மூக்கு வளைஞ்சிருக்கா? சொல்லுங்க சார், மூக்கு வளைஞ்சிருக்கா?"

"வளைஞ்சுதான் இருக்கு. ஆள் எங்கம்மா?"

"ஆள் யாருக்கு சார் வேணும்!"

பொறியாளர் நிமிர்ந்தார். சோப்புக் கன்னமும் சோப்பில்லாத கன்னமும் ஒரே சிவப்பாகிவிட்டன. "யோவ், அந்தத் தகவலைக் கொண்டாய்யா" என்றார்.

இந்த இடைவெளியில், காலையிலிருந்து முதல் தடவையாகக் காலியாகக் கிடந்த தொலைநோக்கியில், யாரும் சொல்லாமலேயே சாட்சி போய்க் குனிந்தார். "அட!" என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. யாரும் கவனிக்கவில்லை.

பதிவேடு வந்தது. பொறியாளர் வாய்விட்டுப் படித்தார். "காலை ஆறு இருபது. வடகோடிக் கல்மேட்டில் தனியே உள்ளான். மூக்கு வளைந்து..."

ஒற்றக்கா எட்டிப் பார்த்தார். முத்து முத்தான கையெழுத்து. 'வடகோடிக்' என்பதில் 'க்' சரியாக விழுந்திருக்கிறது. புள்ளிகள் அந்தந்த இடத்தில் இருக்கின்றன. தேடித் தேடிப் பார்த்தும் பிழை என்று ஒன்று கூட இல்லை. கீழே வாட்ச்மேன் கையெழுத்துப் போட்டு, பக்கத்திலேயே 'ஆல் ஒருவர். தேடப்படுகிரார்' என்று எழுதியிருந்தார்.

"இது... நான் எழுதினதுதான் சார்."

"நீங்க எழுதினதா? ஆளைப் பாத்தீங்களா?"

"ஆள் இல்லை சார். உள்ளான். அது ஒரு பறவையோட பேரு."

"உள்ளான்னா 'இருக்கான்'னு அர்த்தம்."

"அந்த அர்த்தமும் உண்டு. ஆனா நான் எழுதினது பறவை."

"பறவைன்னா 'உள்ளது'ன்னுல்லம்மா எழுதணும்? அஃறிணையாச்சே! நாலாம் வகுப்புலயே சொல்லிக் குடுத்தாங்களே!"

இருபத்திரண்டு வருஷத்தில் ஒற்றக்காவுக்கு இலக்கணம் சொல்லிக் கொடுத்த முதல் ஆள் இவர்தான், அதுவும் பாதி சவரத்தோடு. உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "அப்போ எப்படி எழுதறது? உள்ளான் உள்ளதுன்னா?"

"நல்லவேளை, 'உள்ளான் உள்ளான்'னு எழுதாம இருந்தீங்க" என்றார் வாட்ச்மேன். "ரெண்டு ஆளுன்னு நெனைச்சிருப்பேன்."

பொறியாளர் மனசில் இருந்ததையெல்லாம் கொட்டினார். சைரன், டீசல், ஆம்புலன்ஸ், அவருடைய பாதிச் சவரம், மேலதிகாரிக்கு அவர் எழுத வேண்டிய விளக்கம். ஒற்றக்கா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். தப்பு தன் பேரில் என்பதை ஒப்புக்கொள்ள அவருக்குத் தெரியும். ஆனால் பொறியாளர் திட்டத் திட்ட, உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடியது. நேரத்தோடு எழுதிய குறிப்பு இருக்கிறது. அதில் அலுவலர் கையெழுத்து இருக்கிறது. ஒரு பொறியாளரே கண்ணால் பார்த்து 'மூக்கு வளைஞ்சிருக்கு' என்று சொல்லிவிட்டார். நடந்ததெல்லாம் நல்லதுக்குத்தானோ?

அந்த நேரத்தில் கழகத்தின் வேன் வந்து நின்றது.

பல் டாக்டர் இறங்கினார். பின்னால் உறுப்பினர்கள் நாலைந்து பேர். டாக்டருக்கு எப்போதும் மெல்லிய குரல். 'வலிக்கவே வலிக்காது' என்று சொல்லிக்கொண்டே பிடுங்கிவிடுகிற குரல். 

"என்ன ஒற்றக்கா, ஒரே கூட்டமா இருக்கு? கணக்கெடுப்புன்னா அமைதி வேணும்னு சொல்லியிருந்தேனே."

ஒற்றக்கா ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் தலையை ஆட்டிக் கேட்டார். நடுவில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இப்போ எந்தப் பக்கம் இருக்கு?"

"தென்கரையில. படகுச் சத்தம் கேட்டு இந்நேரம் பறந்திருக்கும்."

"அடடா" என்றார் டாக்டர். அதற்குப் பிறகு பதிவேட்டை வாங்கி, சொத்தைப் பல்லைப் பார்ப்பதுபோல் சாய்த்து வைத்துப் பார்த்தார்.

"இதுல வளைமூக்கு உள்ளான்னு எங்கயும் இல்லையே. வெறும் உள்ளான்னுதானே இருக்கு? உள்ளான்ல எத்தனையோ வகை."

"மூக்கு வளைந்துன்னு எழுதியிருக்கேனே!"

"மூக்கு வளைஞ்ச மனுஷங்களும் இருக்காங்க. பக்கத்துல அலுவலர் என்ன எழுதியிருக்கார் பாருங்க. 'ஆள் ஒருவர்.' அரசாங்கப் பதிவேட்டின்படி இது மனிதர். மனிதரை நாம பட்டியல்ல சேக்கறதில்லை."

"பொறியாளர் பார்த்தாரே! கேளுங்க அவரை!"

"ஏதோ குருவி" என்றார் பொறியாளர், மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டே. "ஆளை விடுங்க."

"குருவி ஏற்கெனவே பட்டியல்ல இருக்கு" என்றார் டாக்டர்.

அப்போது, யாரும் எதிர்பாராத விதமாக, சாட்சி முன்னால் வந்தார்.

"நான் பாத்தேன் டாக்டர்."

ஒற்றக்கா திரும்பினார். "ஏங்க, வேண்டாம். பொய் சொல்லாதீங்கன்னு சொன்னேன்ல?"

"பொய் இல்லம்மா. நீங்கள்லாம் சண்டை போட்டுட்டு இருந்தப்ப நான்தானே அதுல குனிஞ்சிருந்தேன். மார்பு செங்கல் கலர். மூக்கு நீளம், நுனியில கீழ்ப்பக்கம் வளைவு. மூணு எட்டு ஒழுங்கா வைக்குது, நாலாவது எட்டுல இடது பக்கம் எறங்குது. பேரிங் போன மோட்டார் இப்படித்தான் ஓடும். எழும்பிப் பறந்தப்ப வாலுக்கு மேல ஒரு வெள்ளைப் பட்டை தெரிஞ்சுச்சு. அது குருவி இல்லை டாக்டர். எனக்கே தெரியுது."

கழகத்தார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வால்மேல் வெள்ளைப் பட்டை என்பது புத்தகம் படித்தவர்களுக்குத்தான் தெரியும். இந்த மனுஷர் புத்தகத்தைத் தொட்டதே இல்லை. ஒற்றக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் இவ்வளவு அழகாக எதையும் வர்ணித்ததில்லை, ஒற்றக்காவையும் சேர்த்துத்தான்.

டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ரொம்ப சந்தோஷம். ஆனா குடும்பத்தார் சாட்சி செல்லாது. போன வாரம்தான் கமிட்டியில தீர்மானம் போட்டோம்."

"கமிட்டியில யாரு?"

"நானும் துணைத்தலைவரும்."

"துணைத்தலைவர் யாரு?"

"என் சம்சாரம்."

"அப்போ அந்தத் தீர்மானமே குடும்பத்தார் போட்டதுதானே!"

"அது நிர்வாகம், ஒற்றக்கா. இது சாட்சி. ரெண்டையும் குழப்பக்கூடாது."

எழுதிக் கொடுத்தால் சாட்சி இல்லை. சாட்சி கொண்டுவந்தால் குடும்பம். அலுவலர் கையெழுத்து வாங்கினால் அது மனிதர். கெஞ்சினாலும் மிஞ்சினாலும் அந்த மெல்லிய குரலில் ஒரு விதி வந்து நிற்கிறது. திங்கட்கிழமை காலையில் அச்சகத்தின் மாடியறையில் அந்தப் பக்கம் தன் மேஜைக்கு வரும். அதில் தன் பறவை இருக்காது. 'ஒற்றுப் பிழை இல்லை' என்று தானே கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

"போடமாட்டேன்!" என்று வாய்விட்டே கத்திவிட்டார். "இந்த அநியாயத்துக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன் டாக்டர்! மூணு வருஷம் பொறுத்தாச்சு!"

"உணர்ச்சிவசப்படாதீங்க" என்றார் டாக்டர். "நான் உங்களை நம்பலைன்னு சொல்லலையே. நம்பிக்கை வேற, பதிவு வேற. இருபது வருஷமா இந்த அணைக்கு வரேன். மலையேறின வளைமூக்கு உள்ளானை நானே ஒரு தடவை கூடப் பாத்ததில்லை. அதை எப்படி இன்னொருத்தர் பேர்ல ஏத்த முடியும்?"

கீழே படித்துறையில் படகு வந்து முட்டியது. படகுக்காரர் கயிற்றைக் கட்டிவிட்டு, முழங்கால் வரை சேற்றோடு மேலே ஏறி வந்துகொண்டிருந்தார். ஒற்றக்காவுக்குப் பளிச்சென்று உறைத்தது. இவர் தென்கரை வரை போனவர். பறவைக்குப் பத்தடி தூரத்தில் நின்றவர். குடும்பத்தார் இல்லை. சோப்புப் பூசின பொறியாளர் இல்லை. பிறந்ததிலிருந்து இந்தத் தண்ணீரிலேயே கிடப்பவர்.

"இதோ வராரே, இவர் பாத்தார்! இவரைக் கேளுங்க!"

"அவர் எதுக்கு? பாவம், களைச்சுப் போயிருப்பார்" என்றார் டாக்டர். முதல் தடவையாக அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "வாங்க, வாங்க எல்லாரும், வடகரைக்குப் போகலாம். நேரமாச்சு."

யாரும் நகரவில்லை. ஒற்றக்கா இரண்டு படி கீழே இறங்கிப் போய், படகுக்காரரின் கையையே பிடித்துவிட்டார்.

"அண்ணே, நீங்க சொல்லுங்க. தென்கரைச் சேத்துல ஒரு பறவை இருந்துச்சா இல்லையா? இவங்க முன்னாடி வாயைத் திறந்து சொல்லுங்க. எனக்கு ஒரு சாட்சி வேணும், அவ்வளவுதான்!"

படகுக்காரர் ஒற்றக்காவைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற டாக்டரைப் பார்த்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"அட டாக்டரய்யா, நீங்க மூணு வருஷமா கணக்கெடுப்புக்கு ஒரு நாள் முன்னாடியே வந்து என் படகுல ஒளிஞ்சு ஒளிஞ்சு பாப்பீங்களே, அதே நொண்டிதான்யா! உங்க பேரைப் புத்தகத்துல ஏத்தச் சாட்சிக் கையெழுத்துப் போட எனக்குத்தான் தெரியாதுன்னு திட்டிக்கிட்டே இருந்தீங்க, இந்தம்மா முத்து முத்தா எழுதுவாங்களாமே, உங்க சாட்சிக்கு இவங்களையே போடச் சொல்லிடுங்க!"